யோகம் நமக்கு, பலன் அவர்களுக்கா?

இப்பொழுது முதலாளிகளின் மகாநாடுகளிலும், மானேஜர்களைத் தயாரித்து அனுப்பும் கல்லூரிகளிலும் ஒரு பாடம் மும்முரமாக நடந்துவருகிறது. யோக சாஸ்திரத்தையும் கீதையையும் கொண்டு வேலையில் திறமை, தலைமைக் குணம், நிலையான வெற்றி ஆகிய மூன்றையும் அடைவது எப்படி என்பதுதான் அந்தப் பாடம். கோட்டும் சூட்டும் அணிந்த கனவான்கள் இரண்டு நாள் ஓட்டலில் தங்கி, கண்ணை மூடி உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொள்வதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்ததும் அந்தப் பாடத்தை ஆலைக்குள் கொண்டுவருகிறார்களே! அறுந்த நூலுக்கு ஓடி ஓடி முடிச்சுப் போட்டுக் கால் வீங்கிப்போன பெண் தொழிலாளியிடம், பலனை எண்ணாமல் வேலை செய்வதே யோகம் என்கிறார்களே! அங்கேதான் நமது விவகாரம் ஆரம்பமாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யோகத்தைக் கேலி செய்வது நமது நோக்கமல்ல. உடம்பைக் கட்டாக வைத்துக்கொள்ளவும், மூச்சை ஒழுங்குபடுத்தவும், அலைபாயும் மனத்தை ஒரு வேலையில் நிறுத்தவும் இந்த நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சோதித்துச் சேர்த்த அறிவு அது. அதை எந்த முதலாளியின் வீட்டுச் சொத்தாகவும் எழுதிக்கொடுக்க நாம் தயாராக இல்லை.

யோகம் என்ற சொல்லையே பாருங்கள். பூட்டுதல், பிணைத்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து பிறந்தது அது. மாட்டை நுகத்தில் பூட்டுவதற்கும் அதே வேர்தான். இங்கிலீஷ்காரன் நுகத்தடியை 'யோக்' என்கிறானே, அதுவும் இதற்குத் தூரத்து உறவு. ஆக, பண்டிதர்களுக்கு முன்னால் இந்தச் சொல்லின் பொருளை அறிந்தவன் ஏர் ஓட்டியவன். (நம் ஊர்களில் யோகம் என்றால் அதிர்ஷ்டம் என்று இன்னொரு அர்த்தமும் உண்டு. 'அவனுக்கு யோகம் அடித்துவிட்டது' என்கிறோம். அந்த யோகம் நமக்கு அடித்ததில்லை.)

தமிழில் யோகத்தை விரிவாகப் பாடியவர் திருமூலர். மேய்ச்சல் காட்டில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறின என்றும், அதைக் கண்டு மனம் இளகிய ஒரு சித்தர் அந்த உடலுக்குள் புகுந்து மாடுகளை வீடு சேர்த்தார் என்றும் கதை சொல்வார்கள். கதை கதைதான். ஆனாலும் அதைக் கட்டியவர்கள், யோகி குடிபுகுவதற்கு ஒரு ராஜாவின் உடம்பைத் தேடவில்லை. மாடு மேய்த்தவனின் உடம்பைத்தான் பொருத்தமாகக் கண்டார்கள். அவர் தவமிருந்த தலமாகச் சொல்லப்படும் திருவாவடுதுறையில் பிற்காலத்தில் எழுந்த மடமோ தஞ்சைச் சீமையின் பெரிய நிலவுடைமைகளில் ஒன்றாக ஆயிற்று. இடையனிடமிருந்து எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

இனி விஷயத்துக்கு வருவோம். பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது உண்மை. அதை யாரிடம் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது? தெருக்கூத்துப் பார்த்த எந்தக் கூலி விவசாயிக்கும் இதற்கு விடை தெரியும். சொல்லப்பட்ட இடம் போர்க்களம். சண்டை எதனால் வந்தது? பங்கு கேட்டதனால் வந்தது. பாதி ராஜ்யம் கேட்டார்கள், இல்லை என்றான். ஐந்து ஊராவது கொடு என்று இறங்கிவந்தார்கள். ஊசி முனை குத்தும் நிலம்கூடக் கிடையாது என்றான் துரியோதனன். கேட்டவன் இறங்கி இறங்கி வருவதும், வைத்திருப்பவன் ஏறி ஏறிப் போவதும் நமக்குப் புதிதல்ல. எத்தனையோ பேச்சுவார்த்தை மேஜையில் பார்த்திருக்கிறோம். அப்படிப் பங்கு மறுக்கப்பட்டு, சமரசமெல்லாம் முறிந்த பிறகு, சோர்ந்து உட்கார்ந்தவனைப் பார்த்து எழுந்து நில் என்று சொல்வதற்காக வந்த உபதேசம் அது. சண்டை முடிந்தபின் ராஜ்யம் யார் கைக்குப் போயிற்று? கேட்டவர்கள் கைக்குத்தான். 'நீதான் பலனில் பற்றில்லாதவன் ஆயிற்றே, ராஜ்யத்தைக் கௌரவர் குடும்பத்துக்கே விட்டுவிடு' என்று எந்தக் கிருஷ்ணனும் சொல்லவில்லை.

இந்தப் பாதியை மறைத்துவிட்டு மற்றப் பாதியை மட்டும் ஆலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். பயத்தாலும் பேராசையாலும் கை நடுங்காமல் வேலையைச் செய் என்பது வேறு. உன் கூலியைக் கேளாதே என்பது வேறு. முன்னது மனப்பயிற்சி, பின்னது கணக்கு மோசடி. போனஸ் பேச்சு வந்தால் பற்றின்மை, லாபப் பங்கு பிரிக்கும்போது மட்டும் பைசா சுத்தமான பற்று! பங்குதாரர்களின் கூட்டத்தில் எழுந்து, இந்த வருஷம் பலனை எண்ணாமல் இருப்போம் என்று ஒரு டைரக்டராவது தீர்மானம் கொண்டுவரட்டும். நாமும் அன்று கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறோம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் குழந்தைகளும் பெண்களுமாக 44 உயிர்களை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த மக்கள் செய்த குற்றம் என்ன? செங்கொடியின் கீழ்ச் சேர்ந்ததும், அறுவடைக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதும்தான். விதைத்து, நட்டு, களை எடுத்து, அறுத்து, அடித்துக் குவித்த நெல்லில் தங்களுக்கு உரியதைக் கேட்டார்கள். பலனைக் கேட்டவர்களுக்கு இந்த நாட்டில் என்ன நேர்ந்தது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் நம்மிடம் வந்து 'பலனை நினையாதே' என்று உபதேசிப்பாரானால், அவர் எந்தச் சாஸ்திரம் படித்தவர் என்று நாம் கேட்கமாட்டோம். யார் வீட்டில் சாப்பிடுகிறவர் என்று கேட்போம்.

வேலை நேர விஷயத்தில் இவர்கள் தங்கள் சாஸ்திரத்தைத் தாங்களே படிக்கவில்லை என்பது அம்பலமாகிறது. 2023 அக்டோபரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் ஸ்தாபகர், வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் ஒரு பெரிய என்ஜினீயரிங் கம்பெனியின் தலைவர் 90 மணி என்று ஏலத்தை உயர்த்தினார். கீதையிலோ, அதிகம் தின்பவனுக்கும் யோகம் இல்லை, பட்டினி கிடப்பவனுக்கும் இல்லை. தூங்கியே கிடப்பவனுக்கும் இல்லை, தூங்காமல் விழிப்பவனுக்கும் இல்லை என்றுதான் கருத்து இருக்கிறது. உணவும் உழைப்பும் உறக்கமும் ஓய்வும் அளவாக இருக்க வேண்டுமாம். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று உலகத் தொழிலாளி கேட்டானே, அது இந்த அளவுக்குத்தான் பொருந்துகிறது. 90 மணிக்குப் பொருந்தவில்லை. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியது. எல்லாச் சங்கங்களும் எதிர்த்துக் கிளம்பின. அதே மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. பத்து நாளில் கிடைத்த அந்த வெற்றி மூச்சுப் பயிற்சியினால் வந்ததல்ல.

ஆசனம் என்பதற்கு முதல் அர்த்தம் உட்காருதல். ஆடாமல், உடம்புக்கு இதமாக உட்கார்ந்திருப்பது என்றுதான் பதஞ்சலியின் சூத்திரம் அதைக் கருதுகிறது. தலைகீழாக நிற்பதெல்லாம் பின்னால் வந்தது. சரி, ரிங் பிரேமுக்கு நடுவில் ஷிப்டு முழுவதும் நடப்பவனுக்கு உட்கார இடம் எங்கே? துணிக்கடையில் காலையிலிருந்து இரவுவரை நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு ஆசனம் எங்கே? கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு 2018இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று எழுதினார்கள். ஒரு நாற்காலிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்ட நாடு இது! நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு இன்னும் அப்படி ஒரு சட்டமும் இல்லை. அவளுடைய இடுப்புவலிக்கு 'ஆசனம் செய் அம்மா' என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது.

மூச்சும் அப்படித்தான். பிராணாயாமம் நல்லது, சந்தேகமில்லை. எந்தக் காற்றை இழுத்துவிடுவது என்பதல்லவா கேள்வி! ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கும்; செவ்வாய், புதன் ஆகும்போது கொஞ்சம் தளரும். முதலில் திங்கட்கிழமை மட்டும் வரும் இந்த இறுக்கம் வருஷங்கள் போகப்போக எல்லா நாளுக்கும் பரவி, கடைசியில் நுரையீரலையே நிரந்தரமாகக் கெடுத்துவிடுகிறது. இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'பிசினோசிஸ்'. பஞ்சுத் தூசியால் வரும் நோய். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இது இருந்தது. இதற்குப் பரிகாரம் தூசியைப் பிறந்த இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் எந்திரமும், காலாகாலத்தில் நுரையீரல் பரிசோதனையும்தான். மூக்கின் ஒரு துவாரத்தை மூடி மறு துவாரத்தால் தூசியை இழுப்பது பரிகாரம் ஆகாது. மத்திய சர்க்காரின் ஆயுஷ் இலாகா, வேலை நேரத்தில் ஐந்து நிமிஷ யோக இடைவேளை என்று ஒரு முறையை வகுத்து வெளியிட்டது. ஐந்து நிமிஷம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல நாம் முட்டாள்களல்ல. சிறுநீர் கழிக்கப் போனால் நிமிஷக் கணக்குப் பார்க்கும் மேஸ்திரி அந்த ஐந்து நிமிஷத்தைத் தருவானா என்பதே பிரச்னை.

மனத்தை நிலையாக வைத்துக்கொள் என்கிறார்கள். வேலை நிலையாக இருந்தால் மனமும் நிலையாக இருக்கும். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், சர்க்கார் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யவும் ஆலையை மூடவும் இருந்த வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300க்கு உயர்த்தின. 299 பேர் வேலை செய்யும் மில்லில் இருப்பவன் எந்த யோகத்தால் நிம்மதியாகத் தூங்குவான்?

யோகத்துக்கு எட்டு உறுப்புகள் என்று பதஞ்சலி வகுத்தார். ஆசனம் மூன்றாவது, மூச்சு நான்காவது. இந்தக் கனவான்கள் நேரே மூன்றாவது படியில் தாவி ஏறுகிறார்கள். முதல் படி என்ன? யமம். அதில் ஐந்து கட்டுப்பாடுகள். துன்புறுத்தாமை, பொய்யாமை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்த்துவைக்காமை. திருடாமை என்றால் பக்கத்து வீட்டுக் குடத்தை எடுக்காமல் இருப்பது மட்டும்தானா? ஓவர்டைம் வேலை வாங்கிக்கொண்டு ஒற்றைக் கூலி கொடுப்பது என்ன? தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிராவிடண்ட் பண்டுப் பணத்தைக் கட்டாமல் விழுங்குவது என்ன? சேர்த்துவைக்காமை என்ற ஐந்தாவது கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டால், மூலதனம் பெருகுவதே சேர்ப்பதனால் அல்லவா! இந்தப் படியில் காலை வைத்தால் கடையை மூடவேண்டி வரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால்தான் அவர்களுடைய யோக வகுப்பு எப்பொழுதும் பாய் விரிப்பதிலிருந்து தொடங்குகிறது.

தலைமையைப் பற்றி இவர்கள் அதிகமாகவே பேசுகிறார்கள். நாமும் கொஞ்சம் பேசுவோம். நமக்கும் தலைவர்கள் உண்டு, தலைமைப் பிரச்னையும் உண்டு. யோகமும் தலைமையும் உழைப்பாளியின் வயிறும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட ஒரு சம்பவம் இருக்கிறது. 1918இல் ஆமதாபாத்தில் நடந்த மில் வேலைநிறுத்தம் அது.

1917இல் அந்த நகரில் பிளேக் பரவியது. தொழிலாளிகள் ஊரைவிட்டு ஓடிவிடாமல் இருக்க முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நெசவாளிகளில் சிலருக்குச் சம்பளத்தில் 70, 80 சதவீதம்வரைகூடக் கிடைத்தது. சாவு பயம் தீர்ந்ததும் போனஸை நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். யுத்தத்தினால் விலைவாசியோ ஏறிக்கிடந்தது. தொழிலாளிகள் 50 சதவீதம் உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் இல்லை என்றார்கள். காந்தி கணக்குகளைப் பார்த்து 35 சதவீதம் நியாயம் என்று தீர்த்தார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளிகளின் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. பிப்ரவரி 22ஆம் தேதி கதவடைப்பு. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினந்தோறும் கூட்டம் நடந்தது. 35 இல்லாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்று சபதம் எடுத்தார்கள்.

மார்ச் 12ஆம் தேதி, 20 சதவீதத்தை ஒப்புக்கொள்பவர்கள் உள்ளே வரலாம் என்று முதலாளிகள் கதவைத் திறந்தார்கள். பட்டினி கிடந்த குடும்பங்கள் தளர ஆரம்பித்தன. அப்பொழுது ஒரு சாளில் தொழிலாளிகள் பேசிக்கொண்டது தலைவர்களின் காதுக்கு எட்டியது: 'அவர்களுக்கென்ன? மோட்டாரில் வருகிறார்கள், போகிறார்கள், நன்றாகச் சாப்பிடுகிறார்கள், சாகிறது நாம்தானே!' அந்தப் பேச்சுத்தான் காந்தியைச் சுட்டது. 15ஆம் தேதி அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். 18ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. முதல் நாளைக்கு 35, இரண்டாம் நாளைக்கு 20, மூன்றாம் நாள் முதல் மத்தியஸ்தர் தீர்ப்புவரை இருபத்தேழரை என்று ஒரு விநோத ஏற்பாடு. பின்னர் வந்த மத்தியஸ்தர் தீர்ப்பு 35 சதவீதத்தையே கொடுத்தது.

காந்தியின் வழிகள் பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. முதலாளி சொத்துக்குத் தர்மகர்த்தாவாக இருப்பான் என்ற அவருடைய நம்பிக்கையைச் சரித்திரம் மெய்ப்பிக்கவில்லை. அந்த உண்ணாவிரதம் முதலாளிகளின் மனச்சாட்சியை நெருக்கிய குறையுடையது என்று அவரே வருந்தினார். பட்டினி கிடந்த தொழிலாளி நெருக்கியது குறையாகாது என்பது நமது கட்சி. அது கிடக்கட்டும். பின்னாளில் கீதைக்கு 'அனாசக்தி யோகம்', அதாவது பற்றின்மை யோகம், என்ற பெயரிலேயே உரை செய்த மனிதர் இவர். அந்தப் பற்றற்ற மனிதர் தொழிலாளிக்கு என்ன சொன்னார்? கூலி வேண்டாம் என்றா? 35 என்றார், கடைசிவரை 35 என்றே நின்றார். பற்றின்மையைத் தன் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார். தொழிலாளியின் சம்பளத்துக்கு வைக்கவில்லை. இன்றைய யோகாசாரிகள் இதைத் தலைகீழாக்குகிறார்கள்.

அந்த மோட்டார் பேச்சை நமது சங்கத் தலைவர்களும் மறக்கக்கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். தொழிலாளியின் பட்டினியும் தலைவரின் சாப்பாடும் வெகுதூரம் விலகிப்போனால், மரத்தடியில் எடுத்த சபதம் தாங்காது.

அதே 1918இல் நமது சென்னையிலும் ஒரு வேடிக்கை நடந்தது. பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்தவர்ஷிணி சபை என்று ஒரு பஜனை, பிரசங்க சபை. செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளிகள் வேலை முடிந்து அங்கே பக்தி கேட்க வருவார்கள். திரு.வி.க. அங்கே பிரசங்கம் செய்ததுண்டு. பக்தி கேட்க வந்தவர்கள் பிரசங்கம் முடிந்ததும் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை, வாயில் போட்டதும் போடாததுமாக ஓட வேண்டியிருக்கிறது என்பது அவற்றில் ஒன்று. யோகத்திலும் பிரம்ம ஞானத்திலும் மூழ்கிய பி.பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பிரம்மஞானி தலைவரானார். யுத்தம் நடக்கும்போது வேலைநிறுத்தம் வேண்டாம், பட்டாளத்துக்குத் துணி நெய்கிற மில் இது என்றுகூட அவர் தொழிலாளிகளைத் தடுத்தார். அத்தனை நிதானத்துக்கும் கிடைத்த பரிசு என்ன? 1920இல் கதவடைப்பு, டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, தலைவர்கள் மீது ஹைகோர்ட்டில் தடையுத்தரவு. அந்த வழக்கு நாடு முழுவதும் உண்டாக்கிய கொதிப்பு 1926ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணமாக அமைந்தது. ஆன்மிகம் கேட்க வந்த தொழிலாளி சங்கம் கேட்டுக்கொண்டு போனான்! பிரசங்க மண்டபங்களை நடத்தும் இன்றைய முதலாளிகள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நிலையான வெற்றிக்கு யோக சூத்திரம் இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, நெடுநாள் இடைவிடாமல் செய்யும் பயிற்சி. மற்றொன்று ஆசைக்கு இடங்கொடாமை. இதை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். 1940களில் தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரி சேரியாக நடந்தார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒரே கூட்டத்தில் ஒழிந்துவிடவில்லை. இரவில் கூட்டம், பகலில் அடி, மறுபடி இரவில் கூட்டம் என்று வருஷக்கணக்கில் போயிற்று. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்த நடையினால்தான். மாதாமாதம் சந்தா வசூலிப்பது, ரசீது எழுதுவது, கணக்கைப் பொதுக்குழுவில் படிப்பது, கேட் மீட்டிங்குக்குப் பத்தே பேர் வந்தாலும் நடத்துவது ஆகிய இவை அலுப்பான வேலைகள். போராட்டம் நடக்கும்போது ஆயிரம் பேர் வருகிறார்கள். ரசீதுப் புத்தகத்தைத் தூக்க நாலு பேர் வருவதில்லை. அந்த நாலு பேர் செய்வதுதான் பயிற்சி. ஆசைக்கு இடங்கொடாமை என்பதற்கும் ஆலையில் அர்த்தம் உண்டு. மகனுக்கு வேலை, லேசான செக்‌ஷன், சூப்பர்வைசர் பதவி என்று மானேஜர் ரகசியமாக நீட்டுவதை வாங்காமல் இருப்பது அது.

ஆகவே தோழர்களே, உங்கள் மில்லில் யோக வகுப்பு என்று நோட்டீஸ் போட்டால் கோபப்பட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். சங்கத்தின் சார்பில் எழுத்துமூலம் சில விஷயங்களைக் கேளுங்கள். வகுப்பு நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுமா, அல்லது ஷிப்டு முடிந்த பிறகு தொழிலாளியின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுமா? வராதவனுக்கு மெமோ உண்டா? விரும்புகிறவன் வரலாம், விரும்பாதவனை வற்புறுத்தக் கூடாது என்பதை எழுதித் தருவார்களா? கார்டிங்கில் தூசி உறிஞ்சும் எந்திரம் ஓடுகிறதா, கடைசியாக நுரையீரல் பரிசோதனை நடந்த தேதி என்ன? உட்கார ஸ்டூல் எத்தனை? பதில் வந்ததும் அதைக் கேட் மீட்டிங்கில் வாசியுங்கள். வகுப்பு நடத்த வருகிற ஆசிரியரையும் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவரும் மாதச் சம்பளக்காரராகவோ தினக்கூலியாகவோதான் இருப்பார்.